எதிரிகளை மடக்க வைத்த கேமராவில் ஏவியவரே சிக்கினார்! பெரு நாட்டு ஆட்சியை கவிழ்த்த 15 ஆயிரம் டாலர் வீடியோ

ஒரு சோபா. ஒரு மேஜை. எதிரும் புதிருமாக இரண்டு ஆசாமிகள். ஒருவர் கவரை நீட்டுகிறார். இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் காட்சி. இந்த ஒரு வீடியோ வெளியான 10 வாரத்துக்குள், 10 வருஷமாக அசைக்க முடியாமல் இருந்த ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடினார். ராஜினாமா கடிதத்தை வெளிநாட்டு ஓட்டலில் இருந்து பேக்ஸில் அனுப்பினார்.

இது நடந்தது தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில். வருஷம் 2000. தலைநகர் லிமாவில் இன்றைக்கும் இதை 'விளாடி வீடியோ' என்றுதான் சொல்கிறார்கள். அரசியல்வாதிகள் லஞ்சம் வாங்குவது உலகத்தில் புதுசு இல்லை. ஆனால் லஞ்சம் கொடுத்தவரே அதை கேமரா வைத்து படம் பிடித்து, அலமாரியில் அடுக்கி, கையெழுத்து வாங்கி ரசீதும் வைத்துக்கொண்ட கதை இது ஒன்றுதான் இருக்கும்.

ஏன் அப்படி செய்தார்? அதுதான் விஷயமே.

யார் இந்த விளாடி?

முழுப்பெயர் விளாடிமிரோ லெனின் இலிச் மாண்டசினோஸ். பெற்றோர் கம்யூனிஸ்டுகள். ரஷ்ய புரட்சித் தலைவரின் பெயரை அப்படியே மகனுக்கு வைத்தார்கள். மகன் போன பாதை வேறு.

1945-ல் அரெகிபா ஊரில் பிறந்தவர். ராணுவத்தில் கேப்டன் வரை வந்தார். 1976-ல் மேலதிகாரிகளின் அனுமதி இல்லாமல் அமெரிக்கா போய் வந்த விவகாரத்தில் சிக்கினார். ஜெயில், ராணுவத்தில் இருந்து டிஸ்மிஸ். வேறு யாராக இருந்தாலும் அதோடு கதை முடிந்திருக்கும். இவர் சட்டம் படித்து வக்கீல் ஆனார். கட்சிக்காரர்களில் பலர் போதை மருந்து கடத்தல் வழக்குகளில் சிக்கியவர்கள். எந்த நீதிபதியை எப்படி பார்க்க வேண்டும், எந்த பைலை எப்படி காணாமல் போக வைக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி ஆனது அங்கேதான்.

1990-ல் ஜனாதிபதி தேர்தல் வந்தது. பிரபல எழுத்தாளர் மரியோ வர்கஸ் லோசா ஒரு பக்கம். யாருக்கும் பெரிதாகத் தெரியாத விவசாய என்ஜினீயர் அல்பெர்டோ புஜிமோரி மறுபக்கம். ஜப்பானில் இருந்து பிழைக்க வந்த தம்பதியின் மகன் இவர். டிராக்டரில் ஏறி ஊர் ஊராக ஓட்டு கேட்டார். ஏழைகள் 'நம்ம ஆளு' என்று சேர்ந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, புஜிமோரி வீடு, மனை வாங்கி விற்றதில் வரி குளறுபடி என்று ஒரு விசாரணை கிளம்பியது. அதை சத்தமில்லாமல் அமுக்கிக் கொடுத்தவர் மாண்டசினோஸ்.

அன்று பிடித்த பிடிதான். புஜிமோரி ஜெயித்தார். மாண்டசினோஸ் கூடவே கோட்டைக்குள் நுழைந்தார். மந்திரி பதவி கேட்கவில்லை. தேர்தலில் நிற்கவில்லை. 'ஆலோசகர்' என்று ஒரு பெயர், அவ்வளவுதான். ஆனால் நாட்டின் உளவுத்துறை முழுக்க அவர் கைக்குள். உளவுத்துறைக்கு தலைவர் என்று வேறு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். உத்தரவு இவரிடம் இருந்து போகும்.

ஜனங்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்?

இதை சொல்லாவிட்டால் கதை முழுசாகாது. 1990-ல் பெருவில் விலைவாசி ஒரே வருஷத்தில் 7 ஆயிரம் சதவீதத்துக்கு மேல் ஏறியது. காலையில் வாங்கிய சம்பளம் சாயங்காலம் பாதி மதிப்புக்கு வந்துவிடும். இன்னொரு பக்கம் 'ஒளிரும் பாதை' என்ற தீவிரவாத இயக்கம். குண்டுவெடிப்பு, கரண்ட் கட், கிராமத்தில் படுகொலை. 1980 முதல் 2000 வரை நடந்த மோதலில் சுமார் 69 ஆயிரம் பேர் செத்தோ, காணாமலோ போனார்கள் என்று பின்னால் அமைத்த உண்மை அறியும் கமிஷன் கணக்கு சொன்னது.

புஜிமோரி வந்தார். விலைவாசி அடங்கியது. 1992 செப்டம்பரில் தீவிரவாத இயக்கத் தலைவர் அபிமாயேல் குஸ்மான் லிமாவில் ஒரு வீட்டு மாடியில் வைத்து பிடிபட்டார். பிடித்தது போலீசின் ஒரு சிறு தனிப்படை. பெயர் தட்டிக்கொண்டு போனது ஜனாதிபதி மாளிகை.

அதே வருஷம் ஏப்ரல் 5-ந்தேதி இன்னொன்றும் நடந்திருந்தது. டாங்கிகளை அனுப்பி நாடாளுமன்றத்தை இழுத்து மூடினார் புஜிமோரி. தன் ஆட்சியையே தானே கவிழ்த்து புதுசாக உட்காருவது! ஜனங்களில் பெரும்பாலானவர்கள் கை தட்டினார்கள். வயிறு நிறைந்து, தெருவில் குண்டு வெடிக்காமல் இருந்தால் போதும் என்ற நிலைமை. யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதே காலத்தில் 'கொலினா' என்ற ரகசிய ராணுவ கும்பல் வேட்டையாடிக்கொண்டிருந்தது. 1991-ல் லிமாவின் பாரியோஸ் அல்டோஸ் பகுதியில் ஒரு விருந்துக்குள் புகுந்து 15 பேரை சுட்டுக் கொன்றார்கள். அதில் 8 வயது சிறுவனும் ஒருவன். 1992-ல் லா கன்டூட்டா பல்கலைக்கழகத்தில் 9 மாணவர்களும் ஒரு பேராசிரியரும் கடத்தி கொல்லப்பட்டார்கள். இந்த ரத்தக்கறைதான் பின்னால் புஜிமோரியை 25 வருஷ ஜெயில் வரை கொண்டு போனது.

யாருக்கு என்ன விலை?

சரி, லஞ்சக் கணக்குக்கு வருவோம். மாண்டசினோஸ் ரசீது வாங்கி வைத்திருந்தார் அல்லவா? அந்த ரசீதுகளும் வீடியோக்களும் பிற்பாடு கோர்ட்டுக்கு வந்தபோது, அமெரிக்காவில் இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். ஜனநாயகத்தில் யாருக்கு என்ன 'ரேட்' என்பது அப்போதுதான் உலகத்துக்கே தெரிந்தது.

நீதிபதிகளுக்கு மாதம் சில ஆயிரம் டாலரில் ஆரம்பித்து, பெரிய இடம் என்றால் 50 ஆயிரம் டாலர் வரை. எம்.பி.க்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான், கொஞ்சம் கூட. ஆனால் டி.வி. சேனல் முதலாளிகளுக்கு? நூறு மடங்கு! பெருவின் பெரிய சேனலான 4-ம் நம்பர் சேனலுக்கு மட்டும் மாதம் 15 லட்சம் டாலர். அன்றைய நம்ம ஊர் கணக்கில் மாதம் ஆறரைக் கோடி ரூபாய்க்கு மேல்.

ஏன் இந்த வித்தியாசம்? எம்.பி.யும் ஜட்ஜும் இளைத்தவர்களா, டி.வி. முதலாளி உசத்தியா? கணக்கு அது இல்லை.

நாடாளுமன்றத்தில் பாதிக்கு மேல் தலை இருந்தால் போதும். 10 பேர் தேவை என்றால், பேரம் பேச 50 பேர் இருக்கிறார்கள். ஒருவர் விலை ஏற்றினால் 'போய்யா' என்று அடுத்தவரிடம் போகலாம். கோர்ட்டும் அப்படித்தான். 3 பேர் பெஞ்சில் 2 பேர் போதும். அதனால் ரேட் படியும்.

டி.வி. அப்படி இல்லை. 5 சேனலை வாங்கிவிட்டு ஆறாவதை விட்டால் போச்சு. அந்த ஒரு சேனல் உண்மையை போட்டு உடைத்தால் மற்ற அஞ்சுக்கும் கொடுத்த காசு குப்பை. ஆக, ஒவ்வொரு சேனலும் தனித்தனியாக கழுத்தைப் பிடிக்கலாம். இது டி.வி. முதலாளிகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆட்சியை தட்டிக் கேட்க வேண்டியவர்களில் யாரைக் கண்டு ஆள்பவருக்கு பயம் அதிகமோ அவருக்கு விலை அதிகம். அந்த லிஸ்ட்டில் ஜட்ஜ் கடைசியில் இருந்தார், எம்.பி. நடுவில் இருந்தார். நாலு பேர் வீட்டுக் கூடத்தில் சாயங்காலம் ஓடும் செய்திதான் முதல் இடத்தில்.

பணிய மறுத்தவர்கள் கதி?

2-ம் நம்பர் சேனல் ஓனர் பாரூக் இவ்சர். இஸ்ரேலில் பிறந்து பெருவில் குடியுரிமை வாங்கியவர். ஆரம்பத்தில் ஆட்சிக்கு வேண்டியவர்தான். 1997-ல் அவரது சேனல் ராணுவ உளவுப்பிரிவு பெண் ஏஜெண்ட் சித்ரவதை செய்யப்பட்ட செய்தியையும், மாண்டசினோசின் வருமான விவரங்களையும் ஒளிபரப்பியது. அடுத்து நடந்தது என்ன? அவரது பெரு குடியுரிமையையே ரத்து செய்தார்கள். வெளிநாட்டுக்காரர் டி.வி. சேனல் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். சேனல் கை மாறியது. சிறு பங்குதாரர்களாக இருந்த வின்டர் சகோதரர்கள் நிர்வாகத்துக்கு வந்தார்கள். அந்த சகோதரர்களும் பிற்பாடு சோபா வீடியோவில் காட்சி தந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே 1997-ல், புஜிமோரி மூன்றாவது முறை போட்டியிட முடியாது என்று சொன்ன அரசியல் சட்ட கோர்ட் நீதிபதிகள் 3 பேரை நாடாளுமன்றம் வீட்டுக்கு அனுப்பியது.

பத்திரிகைகள் விஷயம் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. காரணம், அது நம்ம மாதிரி பத்திரிகைகள் பற்றியது. லிமாவில் தெருமுனைக் கடையில் கயிற்றில் தொங்கும் கலர் கலரான மலிவு விலை பேப்பர்கள் நிறைய. கூலித் தொழிலாளி, டாக்சி டிரைவர், வேலைக்குப் போகும் பெண்கள் நின்று தலைப்பை படித்துவிட்டு போவார்கள். காசு கொடுத்து வாங்காதவர்கள்கூட தலைப்பை படிக்காமல் போகமாட்டார்கள் அல்லவா? மாண்டசினோஸ் பிடித்தது அந்த இடத்தைத்தான். பேப்பரையே வாங்கவில்லை, தலைப்பை வாங்கினார். ஒரு முதல் பக்க தலைப்புக்கு சில ஆயிரம் டாலர். என்ன தலைப்பு என்பது உளவுத்துறை பக்கம் இருந்து பேக்ஸில் வந்துவிடும். எதிர்க்கட்சிக்காரர் பைத்தியம், குடிகாரர், துரோகி. ஒரே நாளில் நாலைந்து பேப்பரில் ஒரே மாதிரி வசை. படிப்பவர் 'எல்லா பேப்பரும் சொல்லுதே' என்று நம்பிவிட மாட்டாரா?

கேமரா எதற்கு?

இப்போது முதலில் கேட்ட கேள்வி. லஞ்சம் கொடுப்பவர் அதை ஏன் படம் பிடிக்க வேண்டும்?

லஞ்சத்தில் ஒரு சிக்கல் உண்டு. காசை வாங்கிக்கொண்டு வேலையை செய்யாமல் ஒருவர் டபாய்த்தால் எந்த போலீஸ் ஸ்டேஷனில் போய் புகார் கொடுப்பது? கோர்ட்டுக்கு போக முடியாது. நோட்டு எண்ணிக் கொடுத்தாயிற்று, ஆசாமி அந்தப் பக்கம் போய்விட்டார் என்றால் போனது போனதுதான். அதனால் பிடி வேண்டும். அந்தப் பிடிதான் கேசட். 'பேசினால் இதை வெளியிடுவேன்' என்று வாய் திறந்து மிரட்டக்கூட வேண்டியதில்லை. கேமரா இருக்கிறது என்ற சந்தேகமே போதும்.

ஆனால் கேசட்டில் கொடுத்தவர் முகமும் இருக்கிறதே? ஆமாம். வெளியிட்டால் இரண்டு பேரும் காலி. ஒரே கயிற்றின் இரண்டு முனையில் இரண்டு பேர் தொங்குகிற மாதிரி. ஒருவர் கையை விட்டால் இன்னொருவரும் கீழே. அப்படி இருந்தால்தான் இரண்டு பேருமே கையை விடமாட்டார்கள். மாண்டசினோஸ் கட்டிய மொத்த கோட்டையும் இந்த பயத்தின் மேல்தான் நின்றது.

ராணுவத்தையும் விட்டுவைக்கவில்லை. தன்னோடு ராணுவப் பள்ளியில் படித்த செட் ஆட்களை முக்கிய பதவிகளில் உட்கார வைத்தார். 1999 மார்ச்சில் முப்படை, போலீஸ் உயர் அதிகாரிகளை கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். 1992-ல் நாடாளுமன்றத்தை மூடியதற்கு நாங்களும் பொறுப்பு, பின்னால் யார் வந்து வழக்கு போட்டாலும் ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்க மாட்டோம் என்பது அதன் சாரம். கையெழுத்து போட வரிசையில் வந்த காட்சிக்கும் வீடியோ உண்டு.

கூரி என்ற மீன் வண்டிக்காரர்

2000 ஏப்ரலில் தேர்தல். மூன்றாவது முறையாக புஜிமோரி. எதிரே அலெஹாண்ட்ரோ டோலேடோ. முறைகேடு புகார்கள் குவிந்தன. இரண்டாவது சுற்றில் நிற்கவே மாட்டேன் என்று டோலேடோ ஒதுங்கினார். போட்டியில்லாத ஓட்டத்தில் புஜிமோரி ஜெயித்தார்.

ஆனால் நாடாளுமன்றத்தில் இடித்தது. மொத்தம் 120 சீட். புஜிமோரி அணிக்கு கிடைத்தது 52. பெரும்பான்மைக்கு 61 வேண்டும். ஆக, குறைந்தது 9 பேர். மாண்டசினோசுக்கு இது ஒரு வேலையா? ஒவ்வொருவராக சோபாவுக்கு வந்தார்கள். ஜூலையில் சபை கூடியபோது எதிர்க்கட்சி டிக்கெட்டில் ஜெயித்த பலர் ஆளுங்கட்சி பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் லட்சக்கணக்கில் ஜனங்கள் போராட்டம். பதவியேற்பு நாளில் மத்திய லிமாவில் அரசு வங்கிக் கட்டிடம் ஒன்று தீப்பிடித்து 6 பேர் பலி. உள்ளே பதவிப் பிரமாணம் நடந்துகொண்டிருந்தது.

அப்படி தாவியவர்களில் ஒருவர்தான் அல்பெர்டோ கூரி. டோலேடோ கட்சியில் ஜெயித்தவர். மே 5-ந்தேதி அவர் மாண்டசினோசோடு உட்கார்ந்து 15 ஆயிரம் டாலர் வாங்கிய காட்சி கேசட்டில் பதிவானது. நம்ம ஊர் காசில் அப்போது 7 லட்சம் ரூபாய்க்கும் குறைவு. ஒரு நாட்டின் மக்கள் தீர்ப்பை திருப்பிப் போட இது போதுமானதாக இருந்தது!

செப்டம்பர் 14, சாயங்காலம். லிமாவின் பழைய பொலிவார் ஓட்டலில் பிரஸ் மீட். எதிர்க்கட்சி எம்.பி. பெர்னாண்டோ ஒலிவேரா கேசட்டை ஓட விட்டார். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த கேசட் வெளியே வந்தது மாண்டசினோசின் சொந்த கோட்டைக்குள் இருந்துதான். ஊரையே உளவு பார்த்தவரின் அலமாரியை பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

அதை முதலில் ஒளிபரப்பிய சேனல் எது தெரியுமா? 'கேனல் என்' என்ற கேபிள் செய்தி சேனல். மாதச் சந்தா கட்டுகிற வசதியான வீடுகள்தான் பார்க்கும். பார்ப்பவர் எண்ணிக்கை குறைவு, எதற்கு காசு வேஸ்ட் என்று மாண்டசினோஸ் அதை வாங்காமல் விட்டிருந்தார். ஆறாவது சேனலை விட்டால் போச்சு என்று மேலே சொன்னோமே, அது இதுதான். கேபிளில் ஓடிய பிறகு மற்ற சேனல்கள் மறைக்க வழியில்லை.

கூரி என்ன சொன்னார் என்று கேளுங்கள். 'அது லஞ்சம் இல்லை. கடன். ஏழைகளுக்கு மலிவு விலையில் மீன் விற்க லாரி வாங்கப் போகிறேன்' என்கிற மாதிரி விளக்கம் கொடுத்தார். லிமா ஜனங்கள் வாய்விட்டு சிரித்தார்கள். 2003-ல் கோர்ட் அவருக்கு 6 வருஷம் ஜெயில் கொடுத்தது.

நண்பர்கள் கழன்ற வேகம்

இனிமேல்தான் வேடிக்கை. கயிற்றின் ஒரு முனை அறுந்ததும் ஒவ்வொருவரும் தன் தலையை காப்பாற்ற ஓடினார்கள்.

வீடியோ வந்த இரண்டாம் நாள், செப்டம்பர் 16. 'புதுத் தேர்தல் நடத்துகிறேன், நான் நிற்கமாட்டேன், உளவுத்துறையை கலைக்கிறேன்' என்று டி.வி.யில் அறிவித்தார் புஜிமோரி. வெளியே இப்படி பேசிவிட்டு, உள்ளே ராணுவ நிதியில் இருந்து மாண்டசினோசுக்கு ஒன்றரைக் கோடி டாலர் எடுத்துக் கொடுத்தார். வாயை மூடிக்கொண்டு போய்விடு என்பதற்கான கூலி. இதை 2009-ல் புஜிமோரியே கோர்ட்டில் ஒத்துக்கொண்டார். ஏழரை வருஷம் தண்டனை.

மாண்டசினோஸ் பனாமா போனார். அங்கே அடைக்கலம் கிடைக்கவில்லை. அக்டோபர் 23-ந்தேதி திரும்பி வந்து இறங்கினார். முதல் துணை ஜனாதிபதி கடுப்பாகி ராஜினாமா செய்தார். புஜிமோரிக்கு இப்போது பழைய கூட்டாளிதான் பெரிய ஆபத்து. ராணுவ வண்டிகளோடு, டி.வி. கேமராக்கள் பின்னால் வர, தானே தெருத் தெருவாக மாண்டசினோசை 'தேடினார்'. பத்து வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்தவரை ஜீப்பில் தேடுகிற ஜனாதிபதி! ஆள் அகப்படவில்லை. அக்டோபர் கடைசியில் 'கரிஸ்மா' என்ற பாய்மரப் படகில் ஏறி கடல் வழியாக கம்பி நீட்டிவிட்டார்.

நவம்பர் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் இருந்து குண்டு விழுந்தது. மாண்டசினோஸ் பெயரோடு தொடர்புள்ள கணக்குகளில் 4 கோடியே 80 லட்சம் டாலர் முடக்கப்பட்டதாக அறிவிப்பு. இதை விசாரிக்க ஹோசே உகாஸ் என்ற வக்கீலை சிறப்பு வக்கீலாக நியமித்தார் புஜிமோரி. நியமித்தவர் மீதே விசாரணை திரும்பும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அடுத்த பயம் கேசட்டுகள். யார் யார் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் தன்னைப் பற்றி என்ன இருக்கிறது? நவம்பர் 7-ந்தேதி மாண்டசினோசின் மனைவி வீட்டில் திடீர் சோதனை. தலைமை தாங்கியவர் அரசு வக்கீல் இல்லை. அரசு வக்கீலாக வேஷம் போட்ட ஆள். பெட்டி பெட்டியாக சாமான்கள் போய்விட்டன. ஏவியது புஜிமோரி என்று 2007 டிசம்பரில் கோர்ட் தீர்ப்பளித்து 6 வருஷம் தண்டனை கொடுத்தது.

நாடாளுமன்றத்தில் காற்று திசை மாறியது. நேற்று வரை காசுக்கு அந்தப் பக்கம் போனவர்கள் இப்போது உயிருக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். புஜிமோரி ஆளான சபாநாயகர் தூக்கப்பட்டு, எதிர்க்கட்சியின் வாலன்டின் பனியாகுவா அந்த நாற்காலிக்கு வந்தார். அந்த நேரத்தில் புஜிமோரி எங்கே? புருனேயில் மாநாடு என்று நவம்பர் 13-ந்தேதி விமானம் ஏறினார். அங்கிருந்து டோக்கியோ. நவம்பர் 19, ராஜினாமா பேக்ஸ். 'உன் ராஜினாமாவே வேண்டாம், நாங்களே நீக்குகிறோம்' என்று நவம்பர் 21-ந்தேதி நாடாளுமன்றம் 62 ஓட்டில் அவரை துரத்தியது. எதிர்த்து ஓட்டு போட்டவர்கள் 9 பேர்தான். மறுநாள் பனியாகுவா இடைக்கால ஜனாதிபதி.

மிரட்டலால் மாட்டியவர்

மாண்டசினோஸ் மட்டும் ஏழெட்டு மாதம் தண்ணி காட்டினார். வெனிசுலாவில் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டதாக தகவல். பிடிபட்ட விதம்தான் பொருத்தம். அமெரிக்காவின் மியாமியில் ஒரு வங்கியில் அவர் பணம் பல கோடி டாலர் மாட்டிக்கொண்டிருந்தது. அதை விடுவிக்கச் சொல்லி வங்கிக்காரர்களை மிரட்ட ஆள் அனுப்பினார். அந்த ஆளை எப்.பி.ஐ. அமுக்கியது. அவர் பாஸ் இருக்கும் இடத்தை கக்கிவிட்டார். 2001 ஜூன் 23-ந்தேதி கராகஸ் நகரில் கைது. கொண்டுவந்து அடைத்த இடம் கய்யாவோ கடற்படை தளத்தின் பாதாள ஜெயில். தீவிரவாதிகளை அடைக்க மாண்டசினோசே திட்டம் போட்டு கட்டிய ஜெயில் அது! பக்கத்திலேயே குஸ்மானும் இருந்தார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மீது விசாரணை நடந்தது. ஜெனரல்கள், ஜட்ஜுகள், டி.வி. முதலாளிகள் என்று வரிசையாக உள்ளே போனார்கள். கொலம்பியா கெரில்லாக்களுக்கு ஆயிரக்கணக்கில் துப்பாக்கி போன வழக்கில் மட்டும் மாண்டசினோசுக்கு 2006-ல் 20 வருஷம் கிடைத்தது. ஜப்பானில் பதுங்கியிருந்த புஜிமோரி 2005-ல் சிலி நாட்டுக்கு வந்து இறங்கி மாட்டினார். 2007-ல் பெருவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2009 ஏப்ரலில் படுகொலை வழக்கில் 25 வருஷம்.

திரும்பவும் வீடியோ

முடிந்தது என்று நினைக்க வேண்டாம். புஜிமோரி குடும்பமே இரண்டாக உடைந்தது. அப்பா 1994-ல் அம்மாவோடு சண்டை போட்டுப் பிரிந்தபோது 19 வயதில் 'முதல் பெண்மணி' இடத்துக்கு வந்தவர் மகள் கெய்கோ. பின்னால் பெரிய கட்சித் தலைவி. அவர் தம்பி கெஞ்சி அதே கட்சி எம்.பி.

2017 டிசம்பரில் ஜனாதிபதி குசின்ஸ்கியை பதவி நீக்க அக்கா கட்சி தீர்மானம் கொண்டு வந்தது. தம்பி 9 எம்.பி.க்களை சேர்த்துக்கொண்டு ஓட்டு போடாமல் ஒதுங்கினார். தீர்மானம் தோற்றது. மூன்றாம் நாள், கிறிஸ்துமசுக்கு முதல் நாள், ஜெயிலில் இருந்த அப்பாவுக்கு ஜனாதிபதி மன்னிப்பு! இது கைமாறு இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள்.

அக்கா தரப்பு சும்மா விடுமா? 2018 மார்ச்சில் வீடியோ வெளியிட்டது. இன்னொரு தீர்மானத்தில் ஜனாதிபதியை காப்பாற்ற ஓட்டு போட்டால் தொகுதிக்கு அரசு வேலைகள் கிடைக்கும் என்று தம்பி தரப்பு ஒரு எம்.பி.யிடம் பேரம் பேசுவது ரகசிய கேமராவில் பதிவாகியிருந்தது. அப்பாவின் ஆட்சியை சாய்த்த அதே ஆயுதம், அக்கா கையில், தம்பி மீது. மறுநாளே குசின்ஸ்கி ராஜினாமா செய்தார். 2022-ல் தம்பிக்கு நாலரை வருஷம் தண்டனை விதித்தது கோர்ட்.

மன்னிப்பு ரத்தாகி, மறுபடி ஜெயில், மறுபடி விடுதலை என்று இழுத்து, புஜிமோரி 2023 டிசம்பரில் வெளியே வந்தார். 2024 செப்டம்பர் 11-ந்தேதி 86 வயதில் லிமாவில் இறந்தார். அவரால் ஜெயிலில் அடைக்கப்பட்ட குஸ்மான் இறந்ததும் ஒரு செப்டம்பர் 11-தான், 2021-ல்.

மாண்டசினோஸ்? 2021 ஜூனில் கெய்கோவுக்கும் பெட்ரோ காஸ்டிலோவுக்கும் நடந்த ஜனாதிபதி தேர்தலில் முடிவு இழுபறியாக இருந்த நேரம். கடற்படை ஜெயிலின் லேண்ட்லைன் போனில் இருந்து ஒரு குரல் வெளியே பேசியது. தேர்தல் கோர்ட் ஆட்களை எப்படி சரிக்கட்டுவது என்று ஐடியா கொடுத்தது. குரல் அவருடையதுதான். இந்த முறை அவருக்கே தெரியாமல் அவர் பேச்சை யாரோ பதிவு செய்து வெளியிட்டுவிட்டார்கள். காஸ்டிலோ ஜெயித்தார். அந்த ஆகஸ்டில் மாண்டசினோசை கடற்படை ஜெயிலில் இருந்து கிளப்பி வேறு ஜெயிலுக்கு மாற்றினார்கள். 2024 ஜனவரியில் 1992 பட்டிவில்கா படுகொலை வழக்கு வந்தபோது குற்றத்தை ஒப்புக்கொண்டார். 19 வருஷம் 8 மாதம் தண்டனை.